தீர்ப்பு நகல் நம் கையில் வேண்டும், நம் மொழியில் வேண்டும்!



கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஜவ்வாது மலையிலிருந்து ஓர் அம்மா நம் சங்கத்தைத் தேடி வந்தார். பஸ் மாறி பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நாலாக மடித்த ஆங்கிலக் காகிதங்கள். அவருடைய மகன் செம்மர வழக்கில் ஐந்தாண்டு தண்டனை பெற்று ஆந்திரச் சிறை ஒன்றில் இருக்கிறான். அங்கிருந்து விடுதலையாகி ஊர் திரும்பிய ஒருவரிடம் அந்தக் காகிதங்களைக் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

"சார், இதுல என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க. யாரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார்.

படித்தோம். அது தீர்ப்பின் நகல். தேதியைப் பார்த்தோம். தீர்ப்புச் சொல்லி எட்டு மாதம் ஆகிவிட்டது. ஹைகோர்ட்டில் அப்பீல் செய்யச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசமோ 60 நாள்.

"அப்பீல் போட்டீங்களாம்மா?" என்று கேட்டோம்.

"அப்பீலுன்னா என்னா சார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லவே இந்தத் தலையங்கம். அப்பீல் சட்டத்தில் கடந்த சில ஆண்டுகளில் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. சுப்ரீம் கோர்ட் நமக்குச் சாதகமாகப் பல வார்த்தைகள் சொல்லியிருக்கிறது. ஆனால் டில்லியில் சொன்ன வார்த்தை ஜவ்வாது மலைக்கு வந்து சேரவில்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை கைதியின் கைக்கு வரவேண்டுமானால் முதலில் ஒரு காகிதம் வரவேண்டும். அதுதான் தீர்ப்பு நகல். அது உடனே வரவேண்டும், இலவசமாக வரவேண்டும், அவனுக்குப் புரிகிற மொழியில் வரவேண்டும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். செம்மரம் வெட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. சேஷாசல மலைக்காடு எல்லோருக்கும் சொந்தமான செல்வம். ஆனால் மரத்தை விற்று மாளிகை கட்டியவன் யார், கோடரி பிடித்துக் கூலி வாங்கியவன் யார் என்பது நமக்குத் தெரியும். மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறான், லாரி ஏற்றுகிறான். பிடிபடும்போது அவன் இருப்பதில்லை. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம், வேலூர் பக்கத்து மலைச்சாதி இளைஞன்தான் கோர்ட்டுக் கூண்டில் நிற்கிறான்.

பிடிபட்டவன் எல்லோரும் குற்றவாளியும் அல்ல. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அது கண்டிக்கத்தக்க கொடுமை. ஆனால் அந்த வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் 280-க்கும் மேற்பட்டவர்களை விடுதலை செய்தது. அதற்குள் பலருக்குச் சிறையிலேயே இரண்டாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. இடையில் 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சந்திரகிரிக்கு அருகே 20 தமிழ்த் தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்களுக்குக் கீழ்க்கோர்ட்டும் கிடைக்கவில்லை, மேல்கோர்ட்டும் கிடைக்கவில்லை. உயிரோடு கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தவனுக்காவது கடைசிப் படி வரை ஏறும் உரிமை வேண்டாமா?

அப்பீல் என்றால் என்ன? கீழ்க்கோர்ட் சொன்ன தீர்ப்பு தவறு என்று மேல்கோர்ட்டில் முறையிடுவது. அவ்வளவுதான். அது நீதிபதியை எதிர்ப்பது அல்ல, அவமதிப்பதும் அல்ல. தண்டனை பெற்றவனுக்குச் சட்டமே கொடுத்த உரிமை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண்களை நினைவில் வையுங்கள். பழைய 374-ஆம் பிரிவு இப்போது 415. மாஜிஸ்திரேட் தண்டித்தால் பொதுவாக அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், 30 நாள் கெடு. செஷன்ஸ் நீதிபதியோ கூடுதல் செஷன்ஸ் நீதிபதியோ தண்டித்தால் ஹைகோர்ட்டுக்குப் போகும், 60 நாள் கெடு. மரண தண்டனை என்றால் மட்டும் ஹைகோர்ட்டுக்கும் 30 நாள். நகல் கேட்டு மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் வரை ஆகும் நாட்களைக் கெடுவில் கழித்துக் கொள்ளலாம்.

கெடு தவறிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறது. நகல் கைக்கு வரவில்லை, மொழி தெரியவில்லை, வக்கீல் வைக்க வசதியில்லை என்ற உண்மைக் காரணங்களை எழுத்தில் காட்ட வேண்டும். எப்போது நகல் கிடைத்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அதனால்தான் நகல் வாங்கும்போது தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்கிறோம்.

இந்த நகல் சமாச்சாரம் புதிதல்ல. 1978 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் ஹோஸ்கோட் வழக்கு என்று ஒன்று வந்தது. ஹைகோர்ட் தீர்ப்புக்குப் பிறகு நான்கு ஆண்டு கழித்து ஒரு கைதி சுப்ரீம் கோர்ட் வாசலுக்கு வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று பார்த்தால், நகல் அவர் கையில் இல்லை. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அப்போது சொன்னது இன்றும் சட்டம். சிறைத் தண்டனை விதிக்கும் கோர்ட் தீர்ப்பின் நகலை இலவசமாக, அப்பீல் செய்யக் காலம் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். சிறைக்கு நகல் வந்தால் அதிகாரி தாமதமின்றிக் கைதியிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஏழைக் கைதிக்கு அப்பீல் நடத்த அரசு செலவில் வக்கீல் வேண்டும். இவையெல்லாம் தர்மம் அல்ல, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று அவர் எழுதினார்.

1978 எங்கே, இன்று எங்கே! ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும் அதே உரிமை உண்டு. சட்டம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. ஆனாலும் ஒரு தாய் "அப்பீலுன்னா என்னா சார்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டியவர் அவரல்ல.

இந்தக் குறை சுப்ரீம் கோர்ட்டுக்கும் தெரிந்திருக்கிறது. 2024 அக்டோபர் 23-ஆம் தேதி சுஹாஸ் சக்மா வழக்கில் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் இருவரும் சிறைவாசிகளின் சட்ட உதவி பற்றி விரிவான தீர்ப்பு அளித்தார்கள். அதில் நம்மைப் போன்றவர்கள் கொண்டாட வேண்டிய ஒரு யோசனை இருக்கிறது. தண்டனைத் தீர்ப்பு, அப்பீல் தள்ளுபடி, ஜாமீன் தள்ளுபடி ஆகியவற்றின் நகலோடு மேலே ஒரு முகப்புத் தாள் இணைக்க வேண்டும். மேல்கோர்ட்டுக்குப் போக உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, இந்த அலுவலகத்தை அணுகுங்கள் என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது யோசனை.

நல்ல யோசனை. ஆனால் கூர்ந்து படியுங்கள். ஹைகோர்ட்டுகள் இப்படி ஒரு நடைமுறை உத்தரவு பிறப்பிப்பது பற்றி ஆலோசிக்கலாம் என்றுதான் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆலோசிக்கலாம் என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு. மேலும், அந்தத் தாள் எந்த மொழியில் இருக்கும்? ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் மட்டும் இருந்தால் நம்மவனுக்கு அது இன்னொரு புரியாத காகிதம்தான். தாள் ஒன்று கூடியது, வெளிச்சம் கூடவில்லை என்றாகிவிடும்.

மொழி பற்றிச் சட்டம் சும்மா இருக்கவில்லை. புதிய சட்டத்தின் 404-ஆம் பிரிவைப் பாருங்கள். பழைய சட்டத்தில் இது 363. சிறைத் தண்டனை என்றால் தீர்ப்புச் சொன்னவுடன் நகல் இலவசம். அதோடு, தண்டிக்கப்பட்டவர் மனுப் போட்டு விரும்பினால், கூடுமானவரை அவருடைய சொந்த மொழியிலேயே மொழிபெயர்ப்புத் தர வேண்டும். அப்பீலுக்கு உரிய தீர்ப்பு என்றால் அதுவும் இலவசம். சொந்த மொழியில் என்று சட்டமே சொல்கிறது, தோழர்களே! இதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

"கூடுமானவரை" என்ற ஒரு சொல்லைக் காட்டித் தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் அந்தச் சாக்கு எப்படிச் செல்லும்? இங்கே கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ். இரண்டு மொழியும் அறிந்த வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டே 2019 முதல் தன் தீர்ப்புகளைக் கம்ப்யூட்டர் உதவியோடு தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுகிறது. டில்லியில் முடிகிற காரியம் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கோர்ட்டில் முடியாதா?

விசாரணைக்கும் இது பொருந்தும். சாட்சி சொல்வது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 314-ஆம் பிரிவு. கூண்டில் நின்று என்ன நடக்கிறதென்றே தெரியாமல் தலையாட்டியவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி நடந்திருந்தால் அப்பீல் வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி, நம் குடும்பங்களில் உலவும் இரண்டு தவறான எண்ணங்களைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலாவது: "அப்பீல் போட்டால் தண்டனையை இன்னும் கூட்டிவிடுவார்கள்." இந்தப் பயத்தை யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தண்டனை பெற்றவர் தாமே செய்த அப்பீலில் மேல்கோர்ட் தண்டனையைக் கூட்டக் கூடாது என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. 2025 ஜூனில் நாகராஜன் என்பவருக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை மறுபடி அழுத்திச் சொன்னது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, அப்பீல் செய்தவர் மீதே தானாக மறு ஆய்வு எடுத்து, கீழ்க்கோர்ட் விடுவித்திருந்த ஒரு குற்றத்துக்கும் சேர்த்துத் தண்டித்திருந்தது. அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. நீதி கேட்டுப் போனவன் போனதற்காகவே முன்னைவிட மோசமான நிலைக்கு ஆளாகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அரசுத் தரப்போ பாதிக்கப்பட்டவரோ தனியாக அப்பீல் செய்தால் அது வேறு சங்கதி. நாம் செய்யும் அப்பீலுக்காக நாம் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது: "குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்." இப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு அப்பீல் வாசல் பெரும்பாலும் அடைபட்டுவிடும். 416-ஆம் பிரிவின்படி, கீழ்க்கோர்ட்டில் ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்ற இரண்டைப் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். ஹைகோர்ட் விசாரித்த வழக்கானால் அதுவும் இல்லை. நான் செய்யவே இல்லை என்று பிறகு சொல்ல வழியிருக்காது. மொழி தெரியாத இடத்தில் தலையாட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்பீல் போட்டாயிற்று. அது விசாரணைக்கு வர வருடங்கள் ஆகுமே, அதுவரை? அதற்கும் வழி உண்டு. 430-ஆம் பிரிவின்படி தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீனில் விடும்படி அப்பீல் கோர்ட்டைக் கேட்கலாம். மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை பெற்று, ஏற்கனவே ஜாமீனில் இருந்தவரானால், அப்பீல் செய்யும் வரை தண்டனை கொடுத்த கோர்ட்டே ஜாமீன் தரலாம். குறித்த கால தண்டனை பெற்றவரின் அப்பீல் சீக்கிரம் விசாரணைக்கு வராது என்றால், தண்டனை நிறுத்த மனுவைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்று 1999-லேயே சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. ஐந்தாண்டு தண்டனையை முழுக்க அனுபவித்துவிட்டு ஆறாவது ஆண்டில் "நீ நிரபராதி" என்ற தீர்ப்பு வந்தால் அதை வைத்து என்ன செய்வது? வக்கீல் வராத காரணத்துக்காக மட்டும் அப்பீலைத் தள்ளக் கூடாது, வழக்கின் தன்மையைப் பார்த்தே முடிக்க வேண்டும் என்பதும் 1996-ல் பானி சிங் வழக்கில் சொல்லப்பட்ட சட்டம்.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் நம்மவர்கள் உள்ளேயே கிடப்பதற்குக் காரணம் உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனை. சாத்தனூரிலோ அரூரிலோ இருக்கும் அண்ணன் தம்பியின் நிலப்பட்டா இங்கே செல்லாது என்பார்கள். 1978-ல் மோத்திராம் வழக்கில் இதே கதைதான். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். தம்பியின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று மறுத்தார்கள். கிருஷ்ணய்யர் கொதித்துவிட்டார். தமிழனோ தெலுங்கனோ மலையாளியோ வேறு ஊரில் பிடிபட்டால் அந்த ஊரில் ஜாமீன்தாரரைத் தேடி எங்கே போவான் என்று கேட்டார். ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். 2023 ஜனவரி 31-ல் சுப்ரீம் கோர்ட் இன்னும் நடைமுறையான கட்டளைகள் கொடுத்தது. ஜாமீன் உத்தரவைச் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் விடுதலையாகாவிட்டால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதால் தாமதமாகும் வழக்குகளில் அந்த நிபந்தனையைப் போடாமல் விடலாம். இந்தத் தேதியை எழுதி வைத்துக்கொண்டு வக்கீலிடம் சொல்லுங்கள்.

தூரமும் ஒரு தண்டனைதான். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது, ஹைகோர்ட் சென்னையில் இருந்தது. 1954-ல் குண்டூர், 1956-ல் ஐதராபாத், 2019 ஜனவரி 1 முதல் அமராவதி. பாலசமுத்திரத்திலிருந்து சென்னைக்குப் போய் அன்றே திரும்பலாம். அமராவதிக்கு ராத்திரி ரயிலேறி விஜயவாடாவில் இறங்கி மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். கர்னூலில் ஒரு ஹைகோர்ட் கிளை வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆந்திர சட்டசபை தீர்மானித்தது. அதுவும் நமக்குப் பக்கமல்ல. ஆகவே அப்பீலுக்காகக் குடும்பம் ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டும் என்ற நிலையை மாற்றியாக வேண்டும்.

மாற்ற வழியும் சட்டத்தில் உண்டு. 424-ஆம் பிரிவின்படி, சிறையில் இருப்பவர் அப்பீல் மனுவையும் தீர்ப்பு நகலையும் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை மேல்கோர்ட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும். இதைத்தான் ஜெயில் அப்பீல் என்கிறோம். ஹைகோர்ட்டின் சட்டப் பணிக் குழு இலவசமாக வக்கீல் அமர்த்தும். குடும்பத்தார் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலும் மனுக் கொடுக்கலாம்.

இந்தத் தலையங்கத்தை எழுதுபவன் ரயில்வேயில் குமாஸ்தா. டிக்கெட் வாங்குகிறவர்களிடம் தினமும் சொல்வது, "பி.என்.ஆர். எண்ணைப் பத்திரமாக வையுங்கள்" என்பதுதான். கோர்ட்டிலும் அப்படி ஒரு எண் உண்டு. சி.என்.ஆர். என்று பெயர், பதினாறு எழுத்தும் இலக்கமும் கொண்டது. அது இருந்தால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த தேதி என்ன என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் போதும். வழக்கு இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் இந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தீர்ப்புத் தேதியையும் கெடு முடியும் தேதியையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

நம் சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ஆந்திர ஹைகோர்ட், சுஹாஸ் சக்மா தீர்ப்பில் சொன்ன முகப்புத் தாளைக் கட்டாயமாக்கி நடைமுறை உத்தரவு பிறப்பிக்க வேண்டும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அது தமிழிலும் இருக்க வேண்டும்.

2. தமிழ் மட்டுமே அறிந்த கைதிக்கு, 404-ஆம் பிரிவின்படி தமிழில் மொழிபெயர்ப்புப் பெற உரிமை உண்டு என்பதைத் தீர்ப்புச் சொல்லும் நாளிலேயே கோர்ட் வாய்மொழியாகத் தெரிவிக்க வேண்டும்.

3. சிறைகளில் உள்ள சட்ட உதவி மையங்களில் தமிழ் அறிந்த ஒரு வக்கீலோ தொண்டரோ வாரம் ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

4. தமிழ்நாடு அரசும் ஆந்திர அரசும் கூடிப் பேசி, ஆந்திரச் சிறைகளில் உள்ள தமிழ்த் தொழிலாளர்களில் அப்பீல் செய்யாதவர் யார் யார் என்று பட்டியல் எடுத்து, இரு மாநிலச் சட்டப் பணிகள் ஆணையங்கள் மூலம் உதவ வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூடப் புதுச் சட்டம் கேட்கவில்லை. இருக்கிற சட்டத்தை நடத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். தெலுங்கு மக்களிடம் நமக்கு எந்த விரோதமும் இல்லை. இங்கே மாம்பழக்கூழ் ஆலையிலும் கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் அவர்களும் நாமும் ஒரே கூலிக்குத்தான் உழைக்கிறோம். சென்னையில் கட்டட வேலைக்குப் போய் வழக்கில் சிக்கும் தெலுங்குத் தொழிலாளிக்குத் தெலுங்கில் தீர்ப்பு வேண்டும் என்றும் நாம் கேட்போம். நியாயம் ஒரு மொழிக்காரனுக்கு மட்டும் சொந்தமல்ல.

அந்த அம்மாவுக்கு என்ன செய்தோம்? தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுக்குத் தேவையான விவரங்களை எழுதிக் கொடுத்தோம். சட்டப் பணிகள் ஆணையத்துக்கு விண்ணப்பம் அனுப்பினோம். சிறையில் இருக்கும் மகனுக்கு, தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்டு மனு எழுதுவது எப்படி என்று ஒரு கடிதம் போட்டோம். முடிவு எப்படி இருக்கும் என்று இன்று சொல்வதற்கில்லை. எட்டு மாதம் என்பது சின்னத் தாமதமல்ல. முதல் வாரத்திலேயே அந்தக் காகிதம் நம்மிடம் வந்திருந்தால் மன்னிப்புக் கேட்கும் நிலையே வந்திராது.

ஆகவே தோழர்களே, இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில், உங்கள் சூளையில், உங்கள் சொந்த ஊரில் யார் வீட்டிலாவது மடித்து வைத்த கோர்ட்டுக் காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறு மாலை அலுவலகம் திறந்திருக்கும். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறோம். மஞ்சள் பைக்குள் இருக்கும் காகிதத்துக்கும் கெடு உண்டு. அது முடியும் முன்பே வெளியே எடுங்கள்!